ஜெயில் வாசலில் சொல்லக் கூடாதது

1

இங்கே ஜெயிலுக்குப் போக டிக்கெட் வாங்க வேண்டும். குடும்பமாகப் போனால் சலுகை உண்டு. கைக்குழந்தைக்கு இலவசம். ஊரில் உட்கார்ந்து படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். என் மகள் வள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வண்ணக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் திருவண்ணாமலைக்காரன். எழுபதுகளின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, ஒரு துறைமுக நகரத்தில், ரயில் பெட்டிப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி கஸ்தூரியும் நம் ஊர்தான். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை. வள்ளிக்கு ஒன்பது வயது. குமாருக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

இந்த நகரத்தின் நடுவே கருங்கல்லில் கட்டிய ஒரு பழைய ஜெயில் இருக்கிறது. கைதிகளை எல்லாம் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, தரையைக் கழுவி, பேய் உலாவும் ஜெயில் என்று வாசலில் பலகை மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களை உள்ளே விடுகிறார்கள். வள்ளியின் வகுப்பில் எல்லாப் பெண்களும் பார்த்துவிட்டார்களாம். இவள் ஒருத்திதான் பாக்கியாம். மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம் கஸ்தூரி என்னைப் பார்த்த பார்வையில் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். அந்த ஞாயிறு, நம் ஊரில் மறைந்த தலைவர் ஒருவரின் பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஆயுள் தண்டனைக் கைதிகளில் சிலரைப் பார்த்து விடுவிப்பார்கள். என் அண்ணன் சம்பத்து ஆயுள் தண்டனைக் கைதி. அந்த நாளுக்காக என் அம்மா வருடம் முழுக்கக் காத்திருப்பாள். நானும்தான். இந்த வருடம் அண்ணனுக்கு இருமல் விடவே இல்லை என்று கடிதம் வந்திருந்ததால், போன வருடத்தை விட இன்னும் பயந்து காத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "இது பெரியப்பா, ஊர்ல இருக்கார்" என்று சொல்லியிருந்தோம். ஊரில்தான் இருக்கிறார். பொய் இல்லையே.

2

அண்ணன் ஏன் உள்ளே போனான் என்று சொல்லாமல் நகர முடியாது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம். எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கரண்டு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். எங்கள் முறையில் கரண்டு இல்லாமல் போய், அவர்கள் முறையில் வந்துவிட்டால், பாக்கி யாருக்கு என்று தகராறு. ஒவ்வொரு கோடையிலும் இந்தத் தகராறுதான். அந்த வருடம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பூ விட்டிருந்த நேரம். வாய்க்காலை யார் திருப்பினார்கள் என்று ஆரம்பித்தது. பங்காளி மகன் ராஜு அண்ணனின் சட்டையைப் பிடித்தான். அண்ணன் கையில் மண்வெட்டி இருந்தது.

ராஜு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் போனான். அண்ணனும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே சைக்கிளில் சினிமாவுக்குப் போனவர்கள். அடித்தது அண்ணன்தான். அதை அவன் கோர்ட்டிலும் மறுக்கவில்லை. கொல்ல நினைக்கவில்லை என்று நாங்கள் சொல்வோம். ராஜுவின் அம்மா வேறு மாதிரி சொல்வாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நைனா, எங்கள் அப்பா, அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்து பார்க்காமல் போனாரே என்று அம்மா அதற்கு ஒரு தடவை சந்தோஷப்பட்டாள், ஒரு தடவை அழுதாள். பங்காளி வீட்டுக்கு எதிரில் குடியிருக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம்.

3

ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரி புளிசாதம் கட்டினாள். அவளாகத்தான் கட்டினாள். எங்கே போனாலும் அவளுக்கு அதுதான் கட்டுசாதம். அந்த வாசனை கார் முழுக்கப் பரவியபோது நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"வேற செய்திருக்கலாம். எனக்குத் தோணலீங்க" என்றாள்.

"பரவாயில்லை விடு" என்றேன்.

ஜெயில் வாசலில் கூட்டம். ஐஸ்கிரீம் வண்டி நின்றது. ஒரு அம்மா தன் பிள்ளையின் தலையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காகிதத் தொப்பியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுழையும் இடத்தில் கடை. கடையில் விளையாட்டு விலங்கு விற்றார்கள். குமார் அதற்காகத் தரையில் உட்கார்ந்து அழுதான். வாங்கிக் கொடுக்க மாட்டேன் என்று நான் சத்தம் போட்ட வேகத்தில் கடைக்காரப் பெண் பயந்துபோய் அவனுக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்தாள்.

வழிகாட்டி ஒரு வாட்டசாட்டமான ஆள். பழைய காலத்து வார்டர் உடுப்பு, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அதை ஆட்டி ஆட்டி ஒலி எழுப்பினான். ஒவ்வொரு கொட்டடியின் முன்னும் நின்று ஒரு கதை. இங்கே ஒருவன் நகத்தால் சுவரில் கோடு கிழித்தான். இங்கே ஒரு பெண் பாடுவாள், இன்றும் அவள் குரல் கேட்கும். தைரியம் உள்ளவர்கள் உள்ளே போகலாம், ஒரு நிமிடம் கதவைச் சாத்துகிறேன் என்றான். வள்ளிதான் முதல் ஆளாக ஓடினாள். கதவு சாத்தியதும் உள்ளேயிருந்து அவளுடைய கிரீச்சென்ற சிரிப்பு கேட்டது. கூட்டம் கைதட்டியது.

நான் கதவை வெறித்தபடி நின்றேன். சின்ன ஜன்னல் வழியாக அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. போதும், திறங்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் இங்கிலீஷ் வரவில்லை. "தொறய்யா" என்று தமிழில் கத்திவிட்டேன். வழிகாட்டிக்கு நான் விளையாட்டில் சேர்ந்துகொண்டதாகத் தோன்றியிருக்கும். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

4

கைதியைப் பார்க்கப் போவதை நம் பக்கத்தில் மனு என்பார்கள். "இன்னைக்கு மனு" என்று சொன்னால் போதும், வீட்டில் அடுப்பு விடியலிலேயே எரியும்.

அம்மா புளிசாதம் கட்டுவாள். போளூர் வழியாக வேலூர் போகிற முதல் பஸ்ஸைப் பிடிப்போம். ஜெயில் வாசலில் எங்களுக்கு முன்பே நூறு பேர் இருப்பார்கள். ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். புளியமரத்து நிழலில் துண்டை விரித்துச் சாப்பிடுவார்கள். பலூன்காரன் வருவான். பஜ்ஜி வண்டி வரும். பிள்ளைகளுக்குத் திருவிழாதான். அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறோம் என்பதே மறந்து போய்க் கோலி ஆடிக்கொண்டிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் அம்மாக்காரி அதன் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு ஓடுவாள்.

உள்ளே இரண்டு கம்பி வலைகள். ஒன்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், மற்றதற்கு இந்தப் பக்கம் நாங்கள். நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி, அதில் வார்டர் நடப்பார். ஒரே நேரத்தில் இருபது குடும்பம் பேச வேண்டும். பக்கத்தில் இருப்பவன் கத்துவதால் நான் கத்துவேன், நான் கத்துவதால் அவன் இன்னும் கத்துவான். மாடு கன்று போட்டது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்தது, வக்கீல் சொன்னது எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சல். அண்ணன் வாய் அசைவதைப் பார்ப்பேன். காதில் பக்கத்தில் நிற்பவனின் வீட்டுக் கதை விழும். கடைசியில் எல்லோரும் கை ஜாடைக்கு வந்துவிடுவோம். சாப்பிட்டாயா என்று கையை வாய்க்குக் கொண்டுபோவாள் அம்மா. அவன் தலையாட்டுவான். அவ்வளவுதான் பேச்சு.

முதல் மனு முடிந்து கிளம்பும்போது அம்மா வழக்கம்போல, "போயிட்டு வரேன்பா" என்று வலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் நாம் சொல்வதுதான். போறேன் என்று மட்டும் சொன்னால் திரும்ப வராமல் போய்விடும் என்று நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள் அல்லவா. பக்கத்தில் நின்ற ஆரணிக்கார அம்மாள் பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாம்மா நீ! ஜெயில்ல நின்னுகினு போயிட்டு வரேன்னு சொல்லலாமா? சொன்னா வந்துகினேதான் இருக்கணும். வாயத் தொறக்காம திரும்பிப் பாக்காம போ."

அம்மாவின் முகம் செத்துப் போனது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வாயிலேயே அடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான், அதை எங்கே போய்த் திரும்பப் பெறுவது? அதற்குப் பரிகாரமாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ மனு போனோம். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணனும் எதிர்பார்ப்பதில்லை. மணி அடித்ததும் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான், நாங்கள் இந்தப் பக்கம்.

5

இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் போய்க்கொண்டே இருக்கிறது. தடுக்கத் தெம்பில்லை. பட்டறையிலிருந்து வந்தால் எனக்கே வாய் திறக்கப் பிடிப்பதில்லை. வள்ளி தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் இங்கிலீஷில் வரும். குமாருக்கு அதுவும் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் பிடிவாதமாகப் பிடித்து வைத்திருந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "பை" சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன். வள்ளி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டில் சொல்வாள், தோழி வீட்டில் சொல்வாள். பல் டாக்டரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தாள், அவர் என்னிடம் அர்த்தம் கேட்டார். மிருகக்காட்சி சாலையில் யானையிடம் சொன்னாள். அவளுடைய மொத்தத் தமிழும் அந்த இரண்டு வார்த்தைக்குள் வந்து நின்றுவிட்டது. அதையாவது வைத்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமை.

ஜெயிலில் எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே சொல்வது?

6

கொட்டடிகள் முடிந்து ஒரு நீண்ட அறைக்குள் அழைத்துப் போனான் வழிகாட்டி. உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன்.

இரண்டு கம்பி வலைகள். நடுவே ஒரு ஆள் நடக்கும் இடைவெளி.

"இதுதான் பார்வையாளர் அறை" என்றான் அவன். "இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் கைதி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள், சில மத்தியானங்களில் யாரும் இல்லாதபோது அந்தக் கூச்சல் இன்னும் கேட்கிறதாம். எல்லோரும் அமைதியாக இருங்கள். கேட்கிறதா பார்ப்போம்."

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு கிழவர் காதில் மாட்டியிருந்த கருவியைத் திருகிக்கொண்டார். குமார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "கேக்குதுப்பா" என்று ரகசியமாகச் சொன்னான். பயத்தில் அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது.

எனக்குக் கேட்டது. பேய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டியா, இருமல் எப்படி இருக்கு, வக்கீல் என்ன சொன்னார். கம்பியில் வைத்த கையை எடுக்க முடியவில்லை. கஸ்தூரி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "வெளியே போயிடலாங்க" என்றாள். அவளும் கல்யாணமான புதிதில் என்னோடு ஒரு மனுவுக்கு வந்தவள்தான்.

வெளியே போகும் வழி ஒரு இருட்டு நடை. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள். வள்ளி மட்டும் வாசற்படியில் நின்றாள். திரும்பி, அந்த இருட்டைப் பார்த்து, கையை ஆட்டி, எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து, என்னை ஒரு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னாள்:

"போயிட்டு வரேன்!"

அறைந்துவிட்டேன்.

என் பிள்ளை மேல் நான் அதுவரை கை நீட்டியதில்லை. கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அவள் அழக்கூட இல்லை. எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். வழிகாட்டி சாவிக்கொத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "எல்லாம் சரியாக இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டான். அவன் அக்கறையாகத்தான் கேட்டான். இந்த ஊரில் பிள்ளையை அடிப்பவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

புளிசாதத்தை யாரும் தொடவில்லை.

7

ஊரை விட்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

மெட்ராஸில் லேத் வேலை கற்றுக்கொண்டு, ஒரு ஏஜெண்ட் மூலமாக இங்கே வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணமான புதிது, அண்ணனுக்கு மேல்முறையீடும் தோற்றுப் போயிருந்த நேரம். போகாதே என்று அம்மா சொல்லவில்லை. உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பின்னால் எத்தனை முறை எழுதியும் அவள் வரச் சம்மதிக்கவில்லை. "நான் வந்துட்டா மனுவுக்கு யார்டா போவாங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் என்ன எழுத?

கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். சந்துக்காரர்களிடம், பாத்திரக் கடை கரீம் பாயிடம், மலையைப் பார்த்து நின்று மலையிடம். போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று நாள் முழுக்க அதே பேச்சு. கடைசியாக அண்ணனைப் பார்க்கப் போனேன். கூச்சலில் வெளிநாடு என்று மட்டும் அவனுக்குக் கேட்டது. கை இரண்டையும் விரித்து விமானம் மாதிரி காட்டினேன். அவன் சிரித்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். மணி அடித்தது. நான் வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதுதானே முறை.

ஒன்றிரண்டு வருடத்தில் வந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் லீவு இல்லை. பிறகு வள்ளி பிறந்தாள். பிறகு பட்டறையில் ஆள் குறைத்தார்கள், ஊருக்குப் போய்த் திரும்பினால் வேலை இருக்குமோ இருக்காதோ என்று பயம். பிறகு குமார். இப்போது போகலாம் என்று எழுந்தபோது பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தது.

புதுப்பிக்கக் கொடுத்தேன். சொந்த ஊரில் விசாரிக்க வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டில் இருந்தது கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பழைய விலாசம். விசாரிக்க வந்தவர் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, முறைப்படி எதிர் வீட்டில் கேட்டிருக்கிறார். எதிர் வீடு பங்காளி வீடு. ராஜுவின் அம்மா வெளியே வந்து, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

இதை அம்மாவின் கடிதத்தில் படித்தபோது கஸ்தூரி அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தாள். என்னால் திட்ட முடியவில்லை. மகனைப் பறிகொடுத்தவள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை, நாங்கள் யாரும் அங்கே இல்லைதான். விசாரணை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வருகிறது.

8

ஜெயிலிலிருந்து திரும்பி வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தோம். வள்ளியின் கன்னத்தில் ஐஸ் ஒத்திக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிராமலே சொன்னாள்.

"சொல்லிடுங்க. இனிமே எதுக்கு மறைக்கணும்?"

சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, வள்ளிக்குப் புரியாத இடங்களில் இங்கிலீஷுக்குப் போய், அதில் வார்த்தை கிடைக்காமல் திரும்பவும் தமிழுக்கு வந்து. கிணறு, மண்வெட்டி, ராஜு, கம்பி வலை, ஆரணிக்கார அம்மாள் எல்லாம். அவள் சுவரில் இருந்த பெரியப்பா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் அடித்தேன் என்று புரிந்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நீ ஃபாரின் வரும்போது பெரியப்பாகிட்டயும் சொல்லலையா? போயிட்டு வரேன்னு?"

"இல்லம்மா. அங்கே சொல்லக் கூடாது."

"அப்போ நீ திரும்பி வருவேன்னு பெரியப்பாவுக்குத் தெரியாதா?"

கஸ்தூரியின் கையிலிருந்த ஐஸ் மேஜையில் விழுந்தது. நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. சாமி குத்தம் வந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தேனே, உள்ளே நின்றவன் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பான்?

சாயங்காலம் கரீம் பாய் கடைக்கு டிரங்க் கால் புக் செய்தேன். அம்மா காலையிலிருந்தே அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தாளாம். செய்தி நல்லதானாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் கூப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷமும் வுடலடா" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருந்தாள். "வேற யார் யாரையோ வுட்டாங்க. இவனுக்கு இருமல் ஜாஸ்தியாய்டுச்சி, உள்ளயே ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்காங்களாம். ஆள் பாதியா பூட்டான்னு பக்கத்துக் கட்டில்காரன் பொண்டாட்டி சொன்னா."

"அம்மா, நீ எப்ப மனு போவே?"

"வியாழக்கெழம. ஏன்?"

"அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொன்னேன்னு சொல்லு. போயிட்டு வரேன்னு சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"இன்னாடா சொல்ற?" என்றாள் மெல்ல. "அங்க போய் அத நான் சொல்லுவேனா? ஒரு தபா சொன்னதுக்கு நான் படறது போதாதா?"

"நீ உனக்காகச் சொல்ல வேண்டாம். எனக்காகச் சொல்லு. நான் ஊரை விட்டு வந்தப்போ அவன்கிட்ட மட்டும் சொல்லாம வந்துட்டேன்மா. நான் திரும்பி வருவேனான்னே அவனுக்குத் தெரியாதும்மா."

கரீம் பாய் போனை வாங்கி, "அம்மா அழுவுறாங்க தம்பி, அப்புறம் பேசு" என்று சொல்லி வைத்தார். சொல்வாளா மாட்டாளா என்று தெரியாமலே போனை வைத்தேன்.

9

வியாழன் போய், வெள்ளி போய், மறுபடி ஞாயிறு வந்தது. நடுவே ஒரு நாள் வள்ளி பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்று தயங்கினாள். இப்போது சொல்லலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்றேன். சின்னக் குரலில் சொல்லிவிட்டுப் போனாள். என்னைக் கண்டால் இப்போது ஓர் அடி தள்ளித்தான் நிற்கிறாள்.

அந்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டேன். அம்மா எடுத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"போனேன். உள்ள ஆஸ்பத்திரிங்கறதால கிட்டவே வுட்டாங்க. கம்பி இல்ல, கூச்சல் இல்ல. அவன் கையப் புடிச்சினு குந்தினு இருந்தேன். கிளம்பறப்ப சொன்னேன்டா. தம்பி சொல்லச் சொன்னான், போயிட்டு வரேன்னு சொல்லச் சொன்னான்னு சொன்னேன். அவன் பயப்படுவான்னு பாத்தேன். சிரிச்சான்."

"என்ன சொன்னான்மா?"

"மொதல்ல இருமல் வந்துச்சு. அது நின்னதும் என் கையப் புடிச்சி இழுத்து, 'எப்பன்னு கேளும்மா'ன்னான்."

நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட் எந்த ஆபீசில், எந்த மேஜையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூரில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி அடுத்த விசாரணை எப்போது வரும், அந்த அம்மாள் அப்போது என்ன சொல்வாள் என்றும் தெரியாது. பின்னால் வள்ளியும் கஸ்தூரியும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுடா" என்றாள் அம்மா. "அடுத்த மனுவுக்குப் போனா கேப்பான். எப்பன்னு சொல்லட்டும்?"